சாது மீன்களும் சாவுத் தொட்டிகளும்

டிஸ்கி முதல்லயே போட்டுடுறேன்: இது நீளமான புலம்பல். வீட்டுல மீன் தொட்டி வெச்சிருக்கிறவங்க, வைக்கப் போறவங்க, பிறந்தநாள் பரிசா யாருக்காவது கண்ணாடிக் குடுவையில மீன் குடுத்தவங்க எல்லாருக்கும் இதுல திட்டு இருக்கு. எனக்கும் இருக்கு. சோடா, காபி என்ன வேணுமோ எடுத்துக்கிட்டு உக்காருங்க மக்களே.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை மணி. கூட வேலை பாக்குற நண்பன் போன் பண்ணினான். இந்த நேரத்துல கூப்பிட்டா புரொடக்‌ஷன்ல ஏதோ பத்திக்கிச்சுன்னு அர்த்தம், அதனால வயித்தைப் பிடிச்சுக்கிட்டே எடுத்தேன்.

"மச்சி, தொட்டித் தண்ணி பால் மாதிரி இருக்குடா. மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுது. கடைக்காரருக்குப் போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறாரு."

"எப்போ வாங்கின தொட்டி?"

"செவ்வாக்கிழமை."

"மீன் எப்போ விட்ட?"

"அதே செவ்வாக்கிழமைதான். ஏன்?"

தலையில கை வெச்சுக்கிட்டேன். ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். முழுசா நிரப்பினாலே 56 லிட்டர்தான். கல்லு, மண்ணு, மேல விடுற இடைவெளி எல்லாம் கழிச்சா 45 தேறும். அதுக்குள்ள என்னென்ன விட்டிருக்கான்னு கேட்டேன். நாலு நியான் டெட்ரா, ரெண்டு ஏஞ்சல், ரெண்டு கோல்டு ஃபிஷ், மூணு டைகர் பார்ப், கண்ணாடி கழுவுறதுக்கு ஒரு சக்கர். கூடவே ஒரு பிளாஸ்டிக் பனைமரம், வாய் தொறந்து காத்து விடுற ஒரு மண்டையோடு. கடைக்காரர் சொன்னது ஒரே வார்த்தை: "எல்லாமே பீஸ்ஃபுல் சார், கம்யூனிட்டி மீன்."

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் போய்ப் பாக்கும்போது சக்கர் மட்டும்தான் உயிரோட இருந்துச்சு. நியான்ல ரெண்டு செத்து மிதந்துச்சாம், மீதி ரெண்டைக் காணவே காணோமாம். ஏஞ்சல் சாகுறதுக்கு முன்னாடி வயிறு நல்லா உப்பியிருந்ததுன்னு நண்பன் அப்பாவியா சொன்னான். நான் ஒண்ணும் சொல்லலை.

அந்த "பீஸ்ஃபுல்" மேலதான் எனக்கு இவ்வளவு கடுப்பு. சாது மீன், சின்ன மீன், அமைதியான மீன்... இந்த வார்த்தைகளை வெச்சுக்கிட்டு நம்ம ஊர்ல நடக்குற கொலைக்கு கணக்கே கிடையாது. சாதுன்னா என்னங்க அர்த்தம்? அடுத்தவனைக் கடிக்காதுன்னு அர்த்தம். அது எங்க வேணா, எப்படி வேணா, எந்தத் தண்ணியில வேணா கிடக்கும்ங்கிற அர்த்தம் எங்கேர்ந்து வந்துச்சு? ஆபீஸ்ல வாயைத் தொறக்காம வேலை செய்யிறவன் தலையிலயே எல்லா ஆணியையும் இறக்குவாங்களே, அதே கதைதான் இங்கயும். கத்தாது, கடிக்காது, அழாது. அதனால அதுக்கு ஒண்ணும் தேவையில்லைன்னு நாமளே முடிவு பண்ணிடுறோம்.

முதல்ல அந்தப் பட்டியலே தப்பு. ஏஞ்சல் சின்னதா இருக்கும்போது சாதுதான். வளந்தா ஒரு சாண் வரும், வாய்க்குள்ள போற எதையும் விடாது. மூணு செ.மீ. நியான் அதுக்கு இட்லி மேல வெச்ச முந்திரி. டைகர் பார்ப் கூட்டமா இருந்தா தங்களுக்குள்ளயே துரத்தி விளையாடிட்டுப் போயிடும். ரெண்டு மூணு மட்டும் விட்டா பொழுது போகாம பக்கத்துல இருக்குறவன் செதிலைக் கடிக்கும், அதுவும் ஏஞ்சலோட நீளச் செதில் கிடைச்சா திருவிழாதான். கோல்டு ஃபிஷ் சங்கதியே வேற. அது கெண்டை வம்சம், குளிர்ந்த தண்ணி மீன், ஒழுங்கா வளத்தா பத்து வருஷத்துக்கு மேல இருக்கும், உடம்பும் அதுக்கேத்த மாதிரி வளரும், திங்கிற அளவுக்கு கழிக்கும். அதை அமேசான் காட்டு மீனோட சேத்து 45 லிட்டர்ல போடறது, ஊட்டிக்காரரையும் ராமநாதபுரத்துக்காரரையும் ஒரே லிஃப்ட்ல பூட்டி வெச்சுட்டு ரெண்டு பேருக்கும் செட் ஆகுற மாதிரி ஏசி வெக்கிறேன்னு சொல்ற மாதிரி.

சின்னதுன்னா சாதுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு உதாரணம் கேரளாவுலயே இருக்கு. திருவாங்கூர் பேரையே வெச்சுக்கிட்டிருக்கும் பட்டாணி பஃபர். முழுசா வளந்தாலும் மூணரை செ.மீ. தாண்டாது. ரெண்டு கண்ணையும் தனித்தனியா உருட்டிப் பாக்கும்போது கொஞ்சணும்னு தோணும். கப்பி மீன் தொட்டியில அதை விட்டுப் பாருங்க, வால் இருக்குற கப்பி ஒண்ணு மிஞ்சாது. விட்டுப் பாக்காதீங்க, சும்மா சொன்னேன்.

நானும் யோக்கியன் இல்லை. முதல் தொட்டி வாங்கினப்ப எனக்கு 24 வயசு, முதல் இன்கிரிமென்ட் காசு. இருபது நியான் டெட்ரா வாங்கினேன், ஏப்ரல் மாசம், சென்னையில, ரெண்டாவது மாடி மொட்டைமாடிக்கு நேர் கீழ் வீட்டுல. தண்ணி 32 டிகிரி. நியானுக்குப் பிடிச்சது 22லேர்ந்து 25. அமேசான்ல மேல் பகுதியில பெரு, கொலம்பியா, பிரேசில் ஓரமா மர நிழல் விழுற சின்னச் சின்ன ஓடைகள்ல, இலை ஊறின மெல்லிய தண்ணியில வாழற மீன் அது. நான் அதைக் கொண்டு வந்து போர் தண்ணியில போட்டேன், அதுவும் கெட்டில்ல போட்டா வெள்ளையா படியிற தண்ணி. எட்டாவது நாள், தண்ணி கலங்கலா இருக்கேன்னு ஃபில்டர் ஸ்பாஞ்சை மெட்ரோ தண்ணிக் குழாய்ல பிடிச்சு பளபளன்னு கழுவினேன். அதுக்கப்புறம் மூணு நாள் தாங்குச்சு.

அக்கா பொண்ணுக்கு அப்ப ஆறு வயசு, லீவுக்கு வந்திருந்தா. கண்ணாடியில மூக்கை அழுத்திக்கிட்டு நின்னுட்டு, "மாமா, இது ஏன் மேல பாத்து படுத்து தூங்குது?"ன்னா. "ஆமாம்டா குட்டி, தூங்குது"ன்னேன். ராத்திரி அவ தூங்கினதும் வலையால ஒவ்வொண்ணா எடுத்தேன். அந்த நீலக் கோடு இருக்கே, லைட் பட்டா நியான் போர்டு மாதிரி எரியும், செத்தா அது அணைஞ்சு போயிடும். வெறும் சாம்பல் கலர். பதினாலை எடுத்து ரோஜாத் தொட்டியில புதைச்சேன். மறுநாள் மீதி ஆறு.

அந்த ஆறு வயசுக் குழந்தைகிட்ட பொய் சொன்னது இன்னும் உறுத்துது. இன்னொரு விஷயம் அதைவிட உறுத்துது. அன்னிக்கு எனக்கு மனசுல ஓடின முதல் கணக்கு, "சரி, ஜோடி நாப்பது ரூபா, மொத்தம் நானூறு ரூபா நஷ்டம்."

அங்கதான் கோளாறே. மீன் மலிவு. மலிவா இருக்குறதால சாவும் மலிவு. ஒரு நாய்க்குட்டி வாங்கி பதினோராவது நாள் செத்துப்போச்சுன்னா நீங்க அடுத்த ஞாயித்துக்கிழமை அதே கடைக்குப் போய் இன்னொண்ணு குடுங்கன்னு நிப்பீங்களா? மீன் கடையில அதான் வியாபாரமே. செத்தா திரும்ப வருவீங்க. கூடவே நீலக் கலர் சொட்டு மருந்து ஒண்ணு, கல்லுப்பு ஒரு பாக்கெட். மெத்திலீன் ப்ளூவுக்கு சில வேலைகள் உண்டு, இல்லைங்கலை. அமோனியாவுல மூச்சு முட்டுற மீனுக்கு அது தீர்வு இல்லை. செடி வெச்ச தொட்டியில ஊத்தினா இருக்குற நல்ல பாக்டீரியாவும் சேந்து போய்ச் சேரும்.

அமோனியான்னதும் பள்ளிக்கூட வேதியியல் ஞாபகம் வந்து ஓடிடாதீங்க. இது தெரியாம தொட்டி வெக்கக் கூடாது, அவ்வளவுதான். மீன் மூச்சு விடும்போது செவுள் வழியா அமோனியா வெளியில போகுது. மிச்சம் விழுற சாப்பாடும் கழிவும் அழுகினாலும் அதேதான். ஆத்துல இது கரைஞ்சு போயிடும். தொட்டியில எங்க போகும்? அதைத் தின்னு நைட்ரைட்டா மாத்த ஒரு கூட்டம் பாக்டீரியா, அந்த நைட்ரைட்டைத் தின்னு நைட்ரேட்டா மாத்த இன்னொரு கூட்டம். முதல் ரெண்டும் விஷம், மூணாவது அளவா இருந்தா தாங்கும், செடிக்கு உரமும் கூட. இந்த ரெண்டு கூட்டமும் புதுத் தொட்டியில கிடையாது. தானா வளந்து கல்லுலயும் ஸ்பாஞ்சுலயும் குடியேற நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். நண்பன் வீட்டுல நடந்தது இதான்: பன்னெண்டு மீனுக்கு சாப்பாடு போட்டாச்சு, கழிப்பறை கட்டலை.

நம்ம போர் தண்ணிக்கு ஒரு எக்ஸ்ட்ரா விசேஷம் உண்டு. தண்ணியில பி.எச். ஏற ஏற அமோனியாவோட விஷமான பங்கும் ஏறும். பி.எச். ஏழுலேர்ந்து எட்டுக்குப் போனா அந்தப் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு. அதே கழிவு, அதே மீன், பத்து மடங்கு விஷம். சூடு ஏறினா இன்னும் கொஞ்சம் கூடும், தண்ணியில கரையிற ஆக்ஸிஜனும் குறையும். ஏப்ரல் மாசத்துச் சென்னைக்கு இது எவ்வளவு பொருத்தம்னு பாத்துக்கோங்க.

இப்ப இந்த வேதியியலுக்கு நம்ம ஊர் பதில் என்ன தெரியுமா? "வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கிச்சு!"

எங்க பக்கத்து ஃப்ளாட் ஆன்ட்டி சொன்னாங்க. தங்கமான மனுஷி, பொங்கலுக்கு முதல் சர்க்கரைப் பொங்கல் எங்க வீட்டுக்குத்தான் வரும். ஹால்ல வடகிழக்கு மூலையில உருண்டை கண்ணாடிக் குடுவை, அதுல ரெண்டு கோல்டு ஃபிஷ். மாசத்துக்கு ஒரு தடவை செத்துப்போகும், புதுசு வாங்கி விடுவாங்க. "திருஷ்டி கழியுதுப்பா, பூசணிக்காய் உடைக்கிற மாதிரிதான்." நான் வாயைத் தொறந்து மூடினேன், அந்தக் குடுவை மீன் மாதிரியே. அமோனியாவுல துடிச்சு செத்த மீனை வீட்டைக் காப்பாத்தின தியாகியாக்கிட்டோம்னா அப்புறம் தண்ணி மாத்தவே தேவையில்லை பாருங்க. எவ்வளவு வசதி! இத்தாலியில மோன்ஸாங்கிற ஊர்ல 2004லயும் ரோம் நகரத்துல 2005லயும் இந்த உருண்டைக் குடுவையில மீன் வெக்கிறதையே தடை பண்ணினாங்க. அதைச் சொன்னா, "அங்கெல்லாம் வாஸ்து கிடையாதே"ங்கிறாங்க. என்ன கொடுமை சார் இது.

இன்னொரு சடங்கு, ஞாயித்துக்கிழமை அபிஷேகம். மீனைப் பிடிச்சு பக்கெட்டுல போட்டு, தண்ணி முழுசையும் கொட்டி, கல்லு, பொம்மை, ஃபில்டர் அத்தனையும் பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டுத் தேய்ச்சு, குழாய்த் தண்ணி நிரப்பி, மீனைத் திரும்ப விடறது. பாக்க கண்ணாடி மாதிரி இருக்கும். ஆறு வாரமா குடியேறின பாக்டீரியாவை அரைமணி நேரத்துல காலி பண்ணி, குளோரின் தண்ணியும் ஊத்தி, வாரா வாரம் புதுத் தொட்டி தொறக்கிறாங்க. சுத்தமா வெச்சிருக்கேன், அப்புறமும் சாகுதேன்னு வேற கேப்பாங்க. வாரத்துக்கு கால்வாசித் தண்ணி எடுத்துட்டு, குளோரின் முறிக்கிற மருந்து போட்ட தண்ணியை ஊத்தணும், ஸ்பாஞ்சை அந்த எடுத்த பழைய தண்ணியிலயே ரெண்டு தடவை பிழிஞ்சு வெக்கணும். தயோசல்ஃபேட் கல்லு எந்த மீன் கடையிலயும் கிடைக்கும், விலை ஒண்ணுமே இல்லை. மொத்தம் இருபது நிமிஷ வேலை.

சரி, கூட்டம் பத்தி பேசணும். எனக்கு ரொம்ப முக்கியமானது இதான், அதனால கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கடையில மீனை ஜோடியா விப்பாங்க. ஏன் ஜோடி? புருஷன் பொண்டாட்டியா? நியான், கார்டினல், ரஸ்போரா எல்லாம் ஓடையில நூத்துக்கணக்குல ஒண்ணா போற மீன். அதுங்களுக்கு கூட்டம்ங்கிறது பொழுதுபோக்கு இல்லை, பாதுகாப்பு. பெரிய மீன் ஒண்ணு பாயும்போது ஆயிரத்துல ஒண்ணா இருந்தா நீ மாட்டுற வாய்ப்பு கம்மி. உடம்போட ரெண்டு பக்கமும் ஒரு கோடு ஓடும், பக்கத்துல தண்ணி அசையிறதை அதால உணரும். பக்கத்துல யாரும் அசையலைன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான்: நீ தனியா மாட்டிக்கிட்ட. ரெண்டு நியானை ஒரு தொட்டியில விட்டா அது காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் அந்த ஒரே சேதியைக் கேட்டுக்கிட்டே இருக்கு. செடிக்குப் பின்னாடி ஒளிஞ்சு கிடக்கும், கலர் வெளுக்கும், திங்காது. நீங்க "இது ரொம்ப அமைதியான மீன்"னு சந்தோஷப்படுவீங்க. அது பயத்துல உறைஞ்சு போயிருக்கு ஐயா.

இதுல ஒரு சுவாரஸ்யமும் இருக்கு. கூட்டமா ராணுவ அணிவகுப்பு மாதிரி நெருக்கமா நீந்தினா எல்லாரும் ஆஹான்னு போட்டோ எடுப்பாங்க. புதுசா விட்ட அன்னிக்கு அப்படித்தான் நீந்தும், ஏன்னா பயம். ரெண்டு மூணு வாரத்துல, இந்த இடத்துல ஆபத்தில்லைன்னு தெரிஞ்சதும் அணி கலைஞ்சுடும். ஒண்ணு செடி ஓரம் மேயும், ரெண்டு ஆம்பளைங்க செதில் விரிச்சு பந்தா காட்டிக்கும், ஒண்ணு சும்மா நின்னு யோசிக்கும். கதவை டமால்னு சாத்தினா மறுபடியும் ஒண்ணு சேரும், அப்புறம் மெதுவா பிரியும். "மீன் ஸ்கூலிங் பண்ண மாட்டேங்குதே, என்ன பண்ணலாம்"னு கேக்குறவங்களுக்கு என் பதில்: ஒண்ணும் பண்ணாதீங்க, அதுங்க உங்களை நம்ப ஆரம்பிச்சிருக்கு.

பத்து பன்னெண்டு வாங்க முடியலைன்னா, ஆறுக்குக் கம்மியா வாங்காதீங்க. ஆறுக்கும் இடமில்லைன்னா அந்த மீனே வேண்டாம். அஞ்சு வகையில ரெண்டு ரெண்டு வாங்கி "கலெக்‌ஷன்" வெக்கிறதுக்கு அது ஸ்டாம்ப் ஆல்பம் கிடையாது.

அடுத்து நம்ம ஹைடெக் கோஷ்டி. சிரிச்சுக்கிட்டிருந்தீங்கல்ல, இப்ப உங்க முறை.

தகாஷி அமானோன்னு ஒரு ஜப்பான்காரர். 1954ல பிறந்து 2015ல போயிட்டார். சைக்கிள் பந்தய வீரரா இருந்து, காட்டுக்குள்ள படம் எடுக்குற போட்டோகிராஃபரா ஆகி, கடைசியில தொட்டிக்குள்ளயே காட்டை நட்டவர். இன்னிக்கு உலகத்துல செடித் தொட்டி அழகா வெக்கிற ஒவ்வொருத்தருக்கும் அவர்தான் ஆசான். எனக்கும் பக்தி உண்டு. ஆனா அவர் பேரைச் சொல்லிக்கிட்டு நம்மாளுங்க பண்றது இருக்கே... போட்டிக்கு படம் எடுக்கணும்னு கார்பன் டையாக்ஸைடு சிலிண்டரைத் திருகு திருகுன்னு திருகி, செடியெல்லாம் முத்து முத்தா குமிழ் விட, மேல மீனெல்லாம் காத்துக்கு அலையும். படத்துல அது தெரியாது. மலை, அருவி, காடு எல்லாம் கல்லுலயே செஞ்சு, கடைசியில "ஸ்கேலுக்கு" நாலு மீனைத் தூவுறது. படம் எடுத்த மறுநாள் மொத்தத்தையும் கலைச்சுடுறது. மீன் அங்க கொத்தமல்லித் தழை. கடைக்காரருக்கும் இவங்களுக்கும் என்ன வித்தியாசம்னா, இவங்ககிட்ட விலை அதிகமான லைட் இருக்கு.

செடி வெக்க சிலிண்டரே தேவையில்லைன்னு டயானா வால்ஸ்டட்ங்கிற அம்மா 1999லயே புத்தகம் போட்டுட்டாங்க. கீழ ஒரு இஞ்ச் தோட்டத்து மண்ணு, மேல மூடினாப்ல கல்லு, நிறைய செடி, கொஞ்சம் மீன். செடி அமோனியாவை நேரடியாவே உறிஞ்சிடும், பாக்டீரியா வர்றதுக்கு முன்னாடியே. நம்ம ஊர் குளத்துல தானா கிடக்குற வேலம்பாசி வகையறா போதும், வால்ஸ்னேரியா போதும், இலங்கையிலேர்ந்து வந்த கிரிப்டோகொரைன் போதும். கிரிப்டோகொரைன் நட்ட ரெண்டாவது வாரம் இலையெல்லாம் கரைஞ்சு சாம்பார்ல போட்ட கீரை மாதிரி ஆகும், பிடுங்கிப் போட்டுடாதீங்க, வேர்லேர்ந்து திரும்ப வரும். லைட் ஏழு மணி நேரம். அதுக்கு மேல போட்டா வளர்றது பாசிதான். ராத்திரி செடியும் ஆக்ஸிஜன்தான் எடுக்கும், அதனால விடியற்காலையில மீன் மேல வந்து நிக்குதான்னு ஒரு வாரம் எழுந்திரிச்சுப் பாருங்க. நான் பாத்தேன். வீட்டுல லூசுன்னாங்க.

சரி, சென்னைக்கு எந்த மீன்னு கேப்பீங்க. நியானை விடுங்க. அதே கலர் வேணும்னா கார்டினல் டெட்ரா, அது ரியோ நீக்ரோ ஆத்துப் பக்கத்து மீன், சூட்டை நல்லா தாங்கும், ஆனா தண்ணி மெல்லிசா இருக்கணும், ஆர்.ஓ. தண்ணி கலக்கணும். (இந்தக் கார்டினலுக்கு 1956 பிப்ரவரியில ரெண்டு கோஷ்டி தனித்தனியா அறிவியல் பேர் வெச்சாங்க, ஒரே ஒரு நாள் வித்தியாசத்துல. முதல் நாள் அச்சான பேர்தான் நிலைச்சுது. "மீ த ஃபர்ஸ்ட்டு" போடறதோட மகிமை இப்பவாவது புரிஞ்சுதா?) ஹார்லிகுவின் ரஸ்போரா எட்டு பத்து விடுங்க, மலேசியா சிங்கப்பூர் பக்கத்துச் சூட்டுல பழகினது. இலங்கையோட செர்ரி பார்ப் உண்டு, சாதுங்கிற வார்த்தைக்கு உண்மையிலயே பொருந்துற பார்ப் அது ஒண்ணுதான்னு என் கட்சி. வட இந்தியாவுலயும் வங்கதேசத்துலயும் இருக்குற ஹனி கௌராமி, ஆம்பளை தேன் கலர்ல சும்மா ஜொலிக்கும். போர் தண்ணிதான் இருக்கு, ஒண்ணும் கலக்க முடியாதுன்னா கப்பி வளருங்க, பிளாட்டி வளருங்க, அதுக்கெல்லாம் உப்புத்தன்மை ஜாஸ்தி இருந்தாத்தான் பிடிக்கும். மட்டமான மீன்னு நினைக்காதீங்க. தண்ணிக்கு ஏத்த மீனை வெக்கிறவனை நான் மதிப்பேன், மீனுக்காக ஒண்ணும் செய்யாம மீனை மட்டும் மாத்திக்கிட்டே இருக்குறவனை மதிக்க மாட்டேன்.

சக்கர் மட்டும் எந்தத் தொட்டிக்கும் வேண்டாம். ரெண்டு இஞ்ச்ல வாங்கிட்டு வருவீங்க, ஒரு அடியைத் தாண்டும். அப்புறம் மனசு கேக்காம புண்ணியம்னு நினைச்சு ஏரியில விட்டுடுவீங்க. இப்படி விட்டு விட்டுத்தான் தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா நீர்நிலைகள்ல அது பெருகிக் கிடக்கு. மீனவங்க வலையில முள்ளு முள்ளா மாட்டி வலையைக் கிழிக்குது, சந்தையில எவனும் வாங்க மாட்டான். தென்னமெரிக்க மீனுக்கு நம்ம ஏரியில புண்ணியம் தேடினது யாரு? நாமதான்.

இதெல்லாம் ஆபீஸ் கேன்டீன்ல பேசினப்ப இன்னொரு நண்பர் மடக்கினார். "நேத்து அயிரை மீன் குழம்பு வெச்சு நாலு தோசை தின்னேல்ல? அதுவும் சின்ன மீன்தான், சாது மீன்தான். அதுக்கு வராத பாசம் இதுக்கு எங்கேர்ந்து வருது?"

நியாயமான கேள்வி. ரெண்டு நாள் யோசிச்சேன். அயிரையைப் பாலூத்தி உரசிக் கழுவுற வரைக்கும் அது உயிரோடதான் துள்ளும், அதுல எனக்கு ஒண்ணும் பெருமை இல்லை. ஆனா எங்க அம்மா அயிரையை ஹால்ல வெச்சு "எவ்வளவு அழகு, எவ்வளவு மன அமைதி"ன்னு விருந்தாளிக்குக் காட்டினது இல்லை. திங்கிறதுக்கு வாங்கறோம்னு தெரிஞ்சே வாங்கறாங்க, சட்டியைத் தொட்ட பத்து நிமிஷத்துல முடிஞ்சுடுது. வளர்க்கிறேன்னு சொல்லிக் காசு குடுத்து வாங்கி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெச்சு, பதினோரு நாள் மூச்சு முட்ட வெச்சு, அதைப் பாத்துக்கிட்டே மன அழுத்தம் குறையுதுன்னு சொல்றவன் நான். ரெண்டுல எது கொடுமைன்னு அவர்கிட்டயே திருப்பிக் கேட்டேன். "நீ சைவம் ஆயிடு, பிரச்சினை தீர்ந்துடும்"னார். அவ்வ்வ்வ்.

கடைக்காரங்களை மட்டும் திட்டினா தப்பு. கொளத்தூர்ல தெருத் தெருவா மீன் கடை, பண்ணை. அதுல ஒரு பெரியவர்கிட்ட ரெண்டாவது தடவை போனப்ப, தொட்டி வெச்சு எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்டார். பத்து நாள்னேன். "காசு உன் பையிலயே இருக்கட்டும் தம்பி, மீன் என்கிட்டயே இருக்கட்டும். அடுத்த மாசம் வா"ன்னு திருப்பி அனுப்பிட்டார். எனக்கு அன்னிக்கு செம கோவம். அடுத்த மாசம் போனேன். அவர்கிட்ட வாங்கின ரஸ்போரா பத்துல ஏழு இன்னும் நீந்திக்கிட்டிருக்கு, நாலாவது வருஷம். மாசம் ஒரு தடவை செத்து திருஷ்டி கழிச்ச மீனுங்களுக்கும் இந்த ஏழுக்கும் நடுவுல இருந்தது அந்தப் பெரியவரோட ஒரு "முடியாது" மட்டும்தான். வாங்கற நாமளும் கேக்கலாமே? "இது எவ்வளவு பெருசா வளரும்? எத்தனை சேத்து வைக்கணும்? எந்தத் தண்ணி?" பத்தாயிர ரூபா போனுக்கு நாலு நாள் ரிவியூ படிக்கிறோம்.

நண்பன் தொட்டிக்கு வருவோம். அந்தப் பிளாஸ்டிக் பனைமரத்தை நானே எடுத்து குப்பையில போட்டேன். மண்டையோட்டை மட்டும் பிடிவாதமா வெச்சுக்கிட்டான். சக்கரைக் கொளத்தூர் பெரியவர்கிட்டயே குடுத்தோம், அவர்கிட்ட பெரிய சிமென்ட் தொட்டி இருக்கு. மண்ணு போட்டோம், வால்ஸ்னேரியா நட்டோம், என் தொட்டி ஸ்பாஞ்சுலேர்ந்து ஒரு துண்டு வெட்டிக் குடுத்தேன், அதுல இருக்குற பாக்டீரியா சீக்கிரம் குடியேறும்னு. மீன் இல்லாமலே துளித் துளியா மீன் சாப்பாடு போட்டுக்கிட்டிருக்கான். அவன் வீட்டுல "வெறும் தண்ணிக்கு எதுக்குடா சோறு போடற"ன்னு கேக்குறாங்களாம். மூணு வாரம் ஆச்சு. தினமும் ராத்திரி பத்தரைக்கு டெஸ்ட் ட்யூப் படத்தை அனுப்பறான். அமோனியா பூஜ்யத்துக்கு வந்துடுச்சு. நைட்ரைட் நேத்தும் ஊதாக் கலர்தான்.

"மச்சி, ஆறே ஆறு ரஸ்போரா மட்டும் விட்டுக்கட்டுமா?"

"நீலமாகட்டும்டா. அப்புறம் போலாம்."

பி.கு: உருண்டைக் குடுவை வெச்சிருக்குற எங்க பக்கத்து ஃப்ளாட் ஆன்ட்டி, என்கிட்ட சும்மா கிடந்த ரெண்டடித் தொட்டியை வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. வடகிழக்கு மூலையில அது பிடிக்குமான்னு டேப் வெச்சு அளந்துக்கிட்டிருக்காங்க.